இரவில் அந்தப் பாதை நமக்குரியதன்று

 

கோடை விடுமுறை நெருங்கும்போது எங்கள் மக்தபில் ஓதும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் சில கேள்விகளைக் கேட்பதுண்டு. குடும்பத்தோடு மலைப்பகுதிக்குச் செல்கிறோம், தொழுகையை எங்கிருந்து சுருக்க வேண்டும்? பெண்களுக்கு ஒளூச் செய்ய எங்கே வசதி கிடைக்கும்? உணவுக்கு என்ன செய்வது? அவர்களுக்குப் பயன்படட்டும் என்று, நாங்கள் மேற்கொண்ட பயணத்தை எழுத முற்பட்டேன். எழுதும்போது, சொல்ல நினைத்திராத ஒன்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

என் அத்தா லாரி ஓட்டுநராக இருந்தவர். தருமபுரியிலிருந்து சரக்கேற்றிச் சென்று, திரும்பும் வழியில் ஊட்டியில் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு, கூடலூர், முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூருக்கும் பெங்களூருக்கும் கொண்டுசென்று இறக்குவார். அவர் வஃபாத்தான பிறகு, நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து முடித்த என் அம்மா, ஒரு நாள் மஃரிபுக்குப் பின் என்னை அழைத்தார். "உங்க அத்தா ஓட்டின பாதையை ஒரு தடவை பார்க்கணும்ப்பா" என்றார். அறுபது ஆண்டுகளுக்கும் மேலான வாழ்வில் அவர் எங்களிடம் தமக்கென்று எதையும் கேட்டதில்லை. மறுக்க என்னால் இயலவில்லை.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரியும் என் அக்கா மகன் உடனே திட்டம் வகுக்கத் தொடங்கினான். அமெரிக்காவில் குடும்பங்கள் படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் கொண்ட பெரிய வண்டியில் மலைப்பூங்காக்களைச் சுற்றிவரும் காணொளிகளைக் காட்டினான். 1872-ஆம் ஆண்டு உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட யெல்லோஸ்டோன் அவற்றில் ஒன்று. "மாமா, நாமளும் இப்படி ஒரு கேரவன் எடுத்துட்டா நன்னிக்கு எங்கேயும் இறங்கி ஏற வேண்டிய சிரமமே இருக்காது" என்றான். முழங்கால் வலியுள்ள பாட்டியை எண்ணி அவன் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது.

கேரவன் சுற்றுலா நம் பகுதிக்குப் புதியதன்று. கேரள அரசு 2021-லேயே அதற்கெனத் திட்டம் அறிவித்தது. பெங்களூரிலும் அத்தகைய வண்டிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆனால் எங்களுக்குச் சொல்லப்பட்ட ஒரு நாள் வாடகை, ஒரு மத்ரஸா ஆசிரியரின் மாத ஊதியத்தைத் தொட்டு நின்றது. அதைவிடப் பெரிய தடை வேறொன்று. நம் நாட்டுப் புலிகள் காப்பகங்களின் ஊடே செல்லும் சாலையில் விரும்பிய இடத்தில் வண்டியை நிறுத்தி இரவைக் கழிக்க இயலாது. இறங்கி நிற்பதற்கே அனுமதி இல்லை. அங்கே அடுப்பு மூட்டுவது குற்றம். ஆகவே பன்னிரண்டு பேர் அமரக்கூடிய வேன் ஒன்றை ஓட்டுநரோடு அமர்த்திக்கொண்டோம். ஓட்டுநருடன் சேர்த்து நாங்கள் ஒன்பது பேர்.

வரைபடத்தை விரித்தபோதுதான் அத்தா ஓட்டிய பாதையின் பெருமை எனக்குப் புரிந்தது. முதுமலை, முக்கூர்த்தி, பந்திப்பூர், நாகரஹொளே, சைலண்ட் வேலி எனத் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகிய மூன்று மாநிலங்களின் தேசியப் பூங்காக்கள் அங்கே அருகருகே அமைந்துள்ளன. இவையனைத்தையும் உள்ளடக்கிய நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986-இல் அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் அதுவே. பந்திப்பூர் 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோதே அதில் சேர்க்கப்பட்ட காடு. முதுமலை 1940-இலேயே சரணாலயமாகி, 2007-இல் புலிகள் காப்பகமாயிற்று. அந்தக் காடுகளை ஊடறுத்துச் செல்லும் தார்ச்சாலையில்தான் என் அத்தா எங்களுக்கான ரொட்டியைத் தேடினார்.

பயணம் செல்வோர் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, தங்கும் நாட்கள் ஆகியவற்றை இணையத்தில் பதிந்தால் கட்டணமின்றிக் கிடைக்கும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதித்தார்கள். எனவே கடைசி நாள்வரை காத்திருக்கலாகாது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு நீலகிரியில் தடை உண்டு. நாங்கள் எவர்சில்வர் குடத்திலும் தூக்குகளிலும் தண்ணீர் கொண்டுசென்றோம். முதல் நாளுக்குப் புளிச்சோறும் இறைச்சி வறுவலும் வீட்டிலேயே ஆயத்தமாயின. பெண்களுக்குத் தனி ஒளூச் செய்யும் இடமுள்ள பள்ளிவாசல்கள் எந்தெந்த ஊர்களில் உள்ளன என்று முன்பே தொலைபேசியில் விசாரித்துக் குறித்துக்கொண்டேன். இதை மட்டும் எந்தக் குடும்பமும் தவறவிடக் கூடாது. ஆண்களுக்கு எங்கும் இடம் கிடைத்துவிடும். பெண்கள்தாம் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வருவார்கள்.

தொழுகையைப் பொறுத்தவரை, நாங்கள் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். ஏறத்தாழ 78 கிலோமீட்டரோ அதற்கு மேலோ செல்லும் எண்ணத்தோடு ஊர் எல்லையைக் கடந்துவிட்டால் நான்கு ரக்அத் ஃபர்ளுகளை இரண்டாகச் சுருக்கித் தொழ வேண்டும். ஓரிடத்தில் பதினைந்து நாட்களுக்குக் குறைவாகத் தங்கினால் இச்சலுகை நீடிக்கும். ஃபஜ்ரும் மஃரிபும் மாறுவதில்லை. ளுஹரையும் அஸரையும் ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழுவது ஷாஃபிஈ மத்ஹபினருக்குப் பயணத்தில் உண்டு. நமக்கு இல்லை. ஆனால் ளுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் ஆரம்ப நேரத்திலும் தொழுதால், ஒரே இடத்தில் இறங்கி இரண்டையும் நிறைவேற்றிவிடலாம். எங்கள் மேளாளர் அட்டவணையை இந்த முறைப்படியே வகுத்தேன்.

மூவர் பயணம் புறப்பட்டால் அவர்களுள் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதாக அபூதாவூதில் ஹதீஸ் உள்ளது. அதன்படி என்னை அமீராக்கினார்கள். ஓர் அமீர் எவ்வாறு தவறக்கூடும் என்பதை அன்று மாலையே அனைவரும் கண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர் கடந்து, வழியில் இரண்டு இடங்களில் இளைப்பாறி, மாலையில் மைசூரை அடைந்தோம். அஸரை முடித்துக்கொண்டு உடனே குண்டலுப்பேட்டைக்குக் கிளம்பியிருந்தால், பந்திப்பூரை வெளிச்சத்திலேயே கடந்து கூடலூரில் தங்கியிருக்கலாம். ஆனால் ஞாயிறு இரவு மைசூர் அரண்மனையில் விளக்குகள் எரியும் என்று பிள்ளைகள் அறிந்துகொண்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து எனக்கு மறுக்க மனம் வரவில்லை. "ஐயா, பந்திப்பூர் கேட்டை ஒன்பதுக்கு மூடிடுவாங்க" என்று ஓட்டுநர் எச்சரித்தார். "போய்விடலாம் அண்ணே" என்று சொல்லிவிட்டேன். மஃரிபுக்குப் பின் விளக்குகளைப் பார்த்துக் கிளம்பியபோதே மணி ஏழே முக்காலை நெருங்கியிருந்தது. நகரைவிட்டு வெளியேறவே நீண்ட நேரமாயிற்று.

பந்திப்பூர்ச் சோதனைச்சாவடியை நாங்கள் அடைந்தபோது ஒன்பது மணி பத்து நிமிடம். குறுக்குக் கம்பம் இறங்கியிருந்தது.

2009-இல் சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் இந்தக் காட்டுச் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணிவரை போக்குவரத்துக்குத் தடை விதித்தது. வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் மடிவது பெருகியதே காரணம். ஆம்புலன்சுக்கும் குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு. கேரளத்துக்குச் செல்லும் சாலையைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. நம் சத்தியமங்கலம் காட்டில் திம்பம் மலைப்பாதைக்கும் 2022 முதல் இரவுத் தடை நடைமுறையில் உள்ளது. இவையெல்லாம் நான் முன்பே படித்துக் குறித்து வைத்திருந்தவை. குறிப்பேடு என் மடியில்தான் இருந்தது.

பின்னிருக்கையில் குழந்தைகள் உறங்கிவிட்டிருந்தனர். அம்மாவின் கால்கள் வீங்கியிருந்தன. கூடலூரில் அறைக்கு முன்பணம் கட்டியாயிற்று. பத்து நிமிடத் தாமதம்தானே என்று தோன்றியது. காவலரிடம் வயதான தாயாரைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம், தேவைப்பட்டால் கையில் ஏதேனும் வைக்கலாம் என்ற எண்ணமும் எழுந்தது. பிள்ளைகளுக்கு லஞ்சம் ஹராம் என்று பாடம் நடத்துபவன் நான். அக்கா மகனிடம் தாழ்ந்த குரலில், "நீ இறங்கிப் பேசிப் பார், பணம் என்னிடம் இருக்கிறது" என்றேன்.

அம்மா உறங்கவில்லை. "வேணாம்ப்பா" என்றார். "காசு குடுத்து உள்ளே போக வேணாம். உங்க அத்தா இந்த ராத்திரியிலதான் ஒரு உயிரை அடிச்சுட்டு வந்தாரு."

எனக்கு விளங்கவில்லை. வண்டியைக் குண்டலுப்பேட்டைக்குத் திருப்பச் சொன்னார். அந்த இருபது கிலோமீட்டர் தூரத்தில், நான் அதுவரை கேட்டிராத செய்தியைச் சொன்னார்.

எனக்குப் பத்துப் பதினொரு வயதிருக்கும்போது நிகழ்ந்தது அது. மறுநாள் விடியலில் சந்தைக்குச் சரக்குச் சேர வேண்டுமென்பதால், அந்நாளில் காய்கறி லாரிகள் இரவோடு இரவாகக் காட்டைக் கடக்கும். அத்தாவும் அவ்வாறே வந்துகொண்டிருந்தார். ஒரு வளைவில் புள்ளிமான் ஒன்று வெளிச்சத்தில் திகைத்து நின்றுவிட்டது. பாரம் ஏற்றிய வண்டி. பிரேக் பிடிக்கும் முன்பே அடித்துவிட்டது. இறங்கிப் பார்த்தபோது அதற்கு உயிர் இருந்திருக்கிறது. சற்றுத் தள்ளிப் புதரோரம் அதன் குட்டி ஓடாமல் நின்றிருக்கிறது. பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஒலியெழுப்பியதும் அவர் ஏறிப் புறப்பட்டுவிட்டார். வீடு வந்து, ஃபஜ்ருக்கு முன் கிணற்றடியில் வண்டியின் முகப்பை மூன்று முறை கழுவினாராம். அம்மாவிடம் மட்டும் சொல்லி, வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம்.

அதன்பின் அவர் இரவில் காட்டைக் கடக்கவில்லை. தெப்பக்காட்டுக்கு முன்பே வண்டியை நிறுத்திவிட்டு விடியும்வரை காத்திருப்பார். சரக்கு தாமதமாகச் சந்தைக்குச் சேரும், விலை இறங்கிவிடும். வண்டி முதலாளி சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தத் தடத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். பிறகு உள்ளூரில் செங்கல் லோடு அடிக்கும் வேலைதான். படிக்காசு போயிற்று. வருமானம் பாதியானது.

அந்தப் பாதி வருமானத்தின் காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அத்தா இருட்டுக்குப் பயந்துவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். 'பயந்தாங்கொள்ளி டிரைவர் மகன்' என்று கூடப் படித்தவர்கள் என்னை அழைத்தார்கள். நானும் அதை நம்பினேன். பெருநாளைக்குப் புதுச்சட்டை இல்லாமற்போன ஒரு வருடம், அவர் முகத்துக்கு நேராகவே, "மற்ற டிரைவர்கள் எல்லாரும் ராத்திரி ஓட்டுகிறார்களே" என்று கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை. என் தலையைத் தடவிவிட்டு வெளியே சென்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவரைக் கோழையென்றே என் மனத்தின் ஒரு மூலையில் வைத்திருந்தேன். அவருடைய ஜனாஸாவைத் தூக்கியபோதும் அது அங்கேயே இருந்தது.

மார்க்கச் சட்டத்தைக் கேட்டால், அறியாமல் நேர்ந்த விபத்துக்காக அவர்மீது குற்றமில்லை என்றே நானும் சொல்வேன். ஆனால் எத்தனையோ வகுப்புகளில் நான் விளக்கியிருக்கும் இரண்டு ஹதீஸ்கள் அன்றிரவு வேறு விதமாக எனக்கு விளங்கின. முதலாவது, அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும், ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் செய்தி. பயணத்தில் இரவு தங்க நேர்ந்தால் பாதையை விட்டு விலகித் தங்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். இரவில் அது விலங்குகள் செல்லும் வழி, ஊர்வனவற்றின் ஒதுங்கிடம் என்று காரணமும் சொன்னார்கள். பயணியின் பாதுகாப்புக்கான அறிவுரை என்றே இதை இதுவரை பாடம் நடத்தியிருக்கிறேன். இரவில் அந்தப் பாதைக்கு வேறு உரிமையாளர் உண்டு என்ற பொருளும் அதில் இருப்பதாக எனக்கு இப்போது படுகிறது.

மற்றொன்று அபூதாவூதில் உள்ளது. அதுவும் ஒரு பயணத்தில் நடந்ததே. தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இதன் குஞ்சுகளைப் பிரித்து இதைத் துயரப்படுத்தியவர் யார் என்று வினவி, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். அத்தாவால் அந்தக் குட்டிக்குத் தாயைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. தம்மால் இயன்றது, இரவை விட்டுக்கொடுப்பது. அதைக் கொடுத்தார். அரசு அந்தத் தடையைச் சட்டமாக்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, யாரும் கேட்காமல், தம் கூலியிலிருந்து கொடுத்தார். பேணுதல் என்ற சொல்லுக்கு நான் கிதாபுகளில் பொருள் தேடிக்கொண்டிருந்தபோது, அது எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடியில்லாமல் வெறும் தேநீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அன்றிரவு குண்டலுப்பேட்டையில் ஒரு பள்ளிவாசலின் வாசலில் வேனை நிறுத்தினோம். இஷா முடிந்து வெகுநேரமாகியிருந்தது. முஅத்தின் எங்கள் நிலையைக் கேட்டறிந்து, பிள்ளைகள் ஓதும் மத்ரஸா அறையைப் பெண்களுக்குத் திறந்துவிட்டார். அண்டை வீட்டிலிருந்து பாய்களும் ஒரு கெட்டில் நிறையப் பாலும் வந்தன. நானும் அக்கா மகனும் ஓட்டுநரும் வேனிலேயே படுத்தோம். "கேரவன் வேணும்னு கேட்டேன், கிடைச்சிடுச்சு மாமா" என்று அவன் சிரித்தான். ஓட்டுநரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க ஐயா, நானும் பிள்ளைகளோட விளக்கைப் பார்த்தேனே" என்றார் அவர். எனக்கு உறக்கம் வரவில்லை. தஹஜ்ஜுதில் அத்தாவின் பெயரைச் சொல்லி அழுதேன். உயிரோடிருக்கும்போது கேட்கத் தவறிய மன்னிப்பை அவரிடம் இனிக் கேட்க இயலாது. அவருக்காகப் பாவமன்னிப்பைத் தேடுவது மட்டுமே பிள்ளைக்கு எஞ்சியிருக்கிறது.

காலை ஆறு மணிக்குக் கம்பம் உயர்ந்தது. லாரிகளின் வரிசையில் எங்கள் வேனும் நுழைந்தது. அம்மாவை முன்னிருக்கையில் அமர்த்தினோம். ஒலிப்பான் அடிப்பதில்லை, நிறுத்துவதில்லை, சன்னல் வழியே எதையும் எறிவதில்லை என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லியிருந்தேன். மூங்கில் புதர்களின் மேல் பனி படிந்திருந்தது. சாலையோரப் புல்வெளியில் புள்ளிமான்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. ஐம்பதுக்கும் மேலிருக்கும். எங்கள் வண்டியைக் கண்டு அவை ஓடவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன.

அவர் அடித்த இடம் எதுவென்று அம்மாவுக்குத் தெரியாது. அத்தா சொன்னதில்லை. மான்களைப் பார்த்ததும் கையேந்தியவர், தெப்பக்காட்டுப் பாலம் வரும்வரை இறக்கவில்லை. என்ன கேட்டார் என்று நான் வினவவில்லை.

குறைந்த தூரமுள்ள மசினகுடி, கல்லட்டி வழியில் 36 கொண்டை ஊசி வளைவுகளும் கடுஞ்செங்குத்தும் உண்டு. ஆகவே அத்தா ஓட்டிய கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழியாகவே ஏறினோம். மேட்டில் ஏறும்போது தக்பீரும் பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்லிவந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. பிள்ளைகள் ஒவ்வொரு வளைவிலும் உரக்கத் தக்பீர் சொன்னார்கள். ஊட்டியில் இரண்டு நாள் இருந்துவிட்டு, கோத்தகிரி வழியே தஸ்பீஹோடு இறங்கி, மேட்டுப்பாளையம், சேலம் கடந்து, தொப்பூர்க் கணவாயை வெளிச்சத்திலேயே தாண்டி ஊர் சேர்ந்தோம்.

பயணம் செல்லவிருக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான். செல்லுங்கள், வசதி இருந்தால் கேரவனிலும் செல்லுங்கள். அல்லாஹ்வின் படைப்பைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அட்டவணை எழுதும்போது காட்டின் வாயில் மூடும் நேரத்தை முதல் வரியில் எழுதி, மற்றவற்றை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். தாமதமானால் திரும்பிவிடுங்கள். அப்படியோர் இரவில் வண்டிக்குள் அமர்ந்திருக்க நேர்ந்தால், உங்கள் பெற்றோரிடம் அவர்களுடைய பழைய நாட்களைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் உயிரோடிருக்கும்போதே கேளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோரின் பிழைகளைப் பொறுத்தருள்வாயாக. நாங்கள் அறியாத அவர்களுடைய நற்செயல்களை நீ அறிந்தவன். அவற்றுக்கு நிறைவான கூலியை வழங்குவாயாக. எங்கள் கைகளாலும் வாகனங்களாலும் உன் படைப்பினங்களுக்குத் தீங்கு நேராமல் காப்பாயாக. ஆமீன்.